பகுதித் தேவை

மின்பொறியியல் எம்.இ. ஆய்வேடு ஒன்றைக் கையில் எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். தலைப்பு, மாணவர் பெயர், பதிவெண் ஆகியவற்றோடு, எந்த ஆய்வேட்டிலும் மாறாத ஒரு வாசகம் அங்கே இருக்கும்: பட்டம் பெறுவதற்கான தேவைகளில் ஒரு பகுதியை நிறைவு செய்யும் பொருட்டு இது சமர்ப்பிக்கப்படுகிறது. கிண்டியிலும் கோவையிலும் திருச்சியிலும் பைண்டிங் கடைக்காரர்களுக்கே அந்த வரி மனப்பாடம். 1937 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், அதாவது எம்.ஐ.டி.யில், 21 வயது இளைஞர் ஒருவர் முடித்துக் கொடுத்த முதுகலை ஆய்வேட்டின் முதல் பக்கத்திலும் அதே வாசகம்தான் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவர் பெயர் கிளாட் ஷானன். இன்றைய கணினிகளின் உள்ளே ஓடும் சுற்றுகளுக்கெல்லாம் கணித அடித்தளம் இட்டது அந்த ஆய்வேடு.

வாசகம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற ஒருவரிடம் உண்மையில் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி அந்தப் ‘பகுதி’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

முதலில் எண்ணக்கூடிய பகுதி. ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியல் எம்.எஸ். பட்டத்துக்கு 45 யூனிட் வேண்டும். ஜார்ஜியா டெக்கில் 30 கிரெடிட் போதும். ஜெர்மனியில் 120 புள்ளி. நம் நாட்டில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்தின்படி 68. ஒரே பட்டத்துக்கு நான்கு எண்கள் இருப்பதைப் பார்த்து, வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் குழம்புவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அமெரிக்கக் கணக்கில் ஒரு செமஸ்டர் கிரெடிட் என்பது வாரம் 1 மணி நேர வகுப்பும் அதற்கு வெளியே 2 மணி நேரப் படிப்புமாக 15 வாரம், ஆக 45 மணி நேரம். அப்படியென்றால் 30 கிரெடிட் 1,350 மணி நேரம் ஆகிறது. ஸ்டான்ஃபோர்ட் ஆண்டைப் பத்து வார காலாண்டுகளாகப் பிரிக்கிறது. அங்கே ஒரு யூனிட் 30 மணி நேர உழைப்பு. 45 யூனிட்டைப் பெருக்கினால் அதே 1,350தான் வருகிறது. ஜெர்மனியில் ஒரு புள்ளி 25 முதல் 30 மணி நேரம். 120 புள்ளிக்கு 3,000 முதல் 3,600 மணி நேரம், நான்கு செமஸ்டர். நம் கணக்கோ வகுப்பறைக்குள் நடப்பதை மட்டுமே எண்ணுகிறது: வாரம் 1 மணி விரிவுரைக்கு 1 கிரெடிட், 2 மணி ஆய்வகத்துக்கு 1 கிரெடிட். அறைக்குத் திரும்பி எத்தனை மணி நேரம் படித்தார் என்பது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

இந்த எண்ணிக்கை முறை எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரியாத கதை. 1905இல் எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். அந்த நிதியைப் பகிர்ந்தளிக்க ஏற்பட்ட அறக்கட்டளை, எது கல்லூரி, எது வெறும் பள்ளி என்று முதலில் பிரித்தறிய வேண்டியிருந்தது. மாணவரைச் சேர்க்க உயர்நிலைப் பள்ளிப் படிப்பில் 14 அலகு கேட்பதுதான் கல்லூரி, ஓர் அலகு என்பது ஆண்டுக்குச் சுமார் 120 மணி நேரப் படிப்பு என்று வரையறுத்தது. ஓய்வூதியம் வேண்டிய கல்லூரிகள் வரிசையாக அந்த அலகை ஏற்றன. 1910இல் அதே அறக்கட்டளைக்காக மாரிஸ் குக் என்ற இயந்திரப் பொறியாளர் ஓர் அறிக்கை எழுதினார். தொழிற்சாலை வேலையை நிறுத்துகடிகாரம் வைத்து அளந்த ஃபிரெடரிக் டெய்லரின் சீடர் அவர். ஒரு மாணவர் ஒரு மணி நேரம் வகுப்பில் இருப்பதை ஓர் அலகாக வைத்துப் பல்கலைக்கழகத்தின் உற்பத்தியையும் செலவையும் அளக்கலாம் என்றார். ஆக, கிரெடிட்டின் மூதாதையர் ஓய்வூதியப் பட்டியலும் தொழிற்சாலைக் கணக்கும். இருந்த நேரத்தை அளக்கப் பிறந்த கோல் அது. அந்த நேரத்துக்குள் மாணவருக்கு என்ன விளங்கியது என்று கேட்டால், அதனிடம் பதில் எதிர்பார்ப்பதற்கில்லை.

நுழைவுத் தேவைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே கேட் தேர்வு: 3 மணி நேரம், 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 பொதுத்திறனுக்குப் போய்விடும். மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். தகுதி பெற்று அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. கேட் மதிப்பெண் இல்லாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் முன்பு டான்செட், இப்போது சீட்டா. ஆனால் எந்த நுழைவுத் தேர்வும் முழுதாக வடிகட்டாத ஒரு தேவை உண்டு. அது கணிதம்.

எம்.இ. முதல் செமஸ்டரில் மாணவர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். பி.இ.யில் ஐகன் மதிப்பு என்பது ஓர் அணிக்கோவையை விரித்து இருபடிச் சமன்பாட்டைத் தீர்ப்பது. எம்.இ.யில் லீனியர் சிஸ்டம்ஸ் வகுப்பில் அதே ஐகன் மதிப்பு ஒரு ஜெனரேட்டர் அதிர்ந்து அடங்குமா, அதிர்வு பெருகி வலையிலிருந்து கழன்றுவிடுமா என்று சொல்லும் சாட்சி. மெய்ப்பகுதி எதிர்மம் என்றால் அடங்கும், நேர்மம் என்றால் பெருகும். கையால் ஆயிரம் முறை கணக்கிட்டவருக்கும் அந்த எண் ஓர் இயந்திரத்தின் தலைவிதி என்று யாரும் சொல்லியிருப்பதில்லை. நிகழ்தகவிலும் இதே கதைதான். சீட்டுக்கட்டும் பகடையும் பழகியவர், காற்றாலையின் நாளைய உற்பத்தியை ஒரு பரவலாக எழுதச் சொன்னால் திகைத்து நிற்கிறார். தேவைகளின் பட்டியலில் ‘பொறியியல் கணிதம்’ என்று ஒரே வரிதான் இருக்கும். இரண்டு ஆண்டுப் படிப்பும் அந்த ஒரு வரியின் மேல்தான் நிற்கிறது.

ஷானனிடம் அந்த அடித்தளம் இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1936இல் அவர் இரண்டு இளநிலைப் பட்டங்கள் வாங்கினார், ஒன்று மின்பொறியியலில், மற்றொன்று கணிதத்தில். எம்.ஐ.டி.யில் வான்னிவர் புஷ் உருவாக்கியிருந்த டிஃபரன்ஷியல் அனலைசர் என்ற பெரிய எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் தேவைப்பட்டார். அந்த வேலையில் சேர்ந்தார். சுழலும் தட்டுகளும் தண்டுகளும் பற்சக்கரங்களுமாக வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் எந்திரம் அது. ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு கணக்கோடு வருவார்கள். அதற்கேற்ப எந்திரத்தைப் பூட்டி அமைத்துத் தருவது ஷானனின் வேலை. எந்திரத்தை இயக்கிக் கட்டுப்படுத்த நூறுக்கும் மேற்பட்ட ரிலேக்கள் கொண்ட ஒரு சுற்று இருந்தது. அவர் கவனம் அங்கேதான் போனது.

ரிலே என்பது எளிய பொருள். ஒரு சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அது காந்தமாகி இன்னொரு சுற்றின் தொடர்பை இழுத்து மூடும் அல்லது திறக்கும். நம் ஊர் மோட்டார் ஸ்டார்ட்டரில் ‘டக்’ என்று விழுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் காலத்துத் தொலைபேசி நிலையங்கள் ஆயிரக்கணக்கான ரிலேக்களால் ஆனவை. அவற்றை வடிவமைத்தவர்கள் அனுபவத்தாலும் கைப்பழக்கத்தாலும்தான் வடிவமைத்தார்கள். ஒரு சுற்றில் இரண்டு ரிலேயைக் குறைக்க முடியுமா என்று கேட்டால், வரைந்து வரைந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

ஷானனுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மிச்சிகனில் அவர் தர்க்கவியல் பாடம் படித்திருந்தார். ஜார்ஜ் பூல் 1854இல் வெளியிட்ட நூலில், உண்மை–பொய் என்ற இரண்டே மதிப்புகளை வைத்து ஓர் இயற்கணிதம் அமைத்திருந்தார். ரிலேயின் தொடர்புக்கும் இரண்டே நிலைதான், மூடியது அல்லது திறந்தது. மூடியதை 0 என்றும் திறந்ததை 1 என்றும் ஷானன் எழுதினார். இன்று நாம் எழுதும் வழக்கத்துக்கு இது நேர் எதிர். மின்சாரத்துக்கு ஏற்படும் தடையை அவர் அளவாக எடுத்துக்கொண்டதால் அப்படி வந்தது. தொடராக இணைத்த தொடர்புகள் கூட்டலாயின, பக்கமாக இணைத்தவை பெருக்கலாயின. அதன்பின் ஒரு சுற்று ஒரு சமன்பாடு. சமன்பாட்டைச் சுருக்கினால் ரிலேயின் எண்ணிக்கை குறைகிறது. இத்தனை நாள் கைப்பழக்கமாக இருந்தது கணக்கானது. ஆய்வேட்டின் பின்பகுதியில் மின் பூட்டு ஒன்று, இரண்டின் அடிமானத்தில் கூட்டும் சுற்று ஒன்று, எண்களின் காரணிகளைக் கண்டு அட்டவணையிடும் எந்திரம் ஒன்று என்று வடிவமைத்துக் காட்டினார்.

ஜப்பானில் அகிரா நகாஷிமாவும் சோவியத் நாட்டில் விக்டர் ஷெஸ்தகோவும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தனித்தனியே இதே திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். கேள்வி காலத்தின் காற்றில் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஷானனின் சிறப்பைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. நான் பார்ப்பது வேறு. ஷானனின் தலைப்பை யாரும் அவருக்கு எழுதித் தரவில்லை. தினமும் கை வைத்த எந்திரத்திலிருந்து அது எழுந்தது. வேறொரு துறையில் படித்தது அதற்கு விடை தந்தது. முதுகலை ஆய்வேட்டுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. பட்டம் அவர் கைக்கு வந்தது 1940இல். அதே ஆண்டில் முனைவர் பட்டமும் வந்தது.

மின்பொறியியலில் எம்.ஐ.டி. இன்றும் முதுகலைக்கு ஆய்வேடு கேட்கிறது. ஆனால் அமெரிக்கா முழுவதும் அப்படியில்லை. ஸ்டான்ஃபோர்டின் எம்.எஸ். பாடங்களால் மட்டுமே ஆனது, ஆய்வேடு கட்டாயமில்லை. ஜார்ஜியா டெக்கில் ஆய்வேட்டோடும் முடிக்கலாம், 30 கிரெடிட்டையும் பாடங்களாகவே எடுத்தும் முடிக்கலாம். வேறு பல இடங்களிலும் இந்த இரு வழி உண்டு. காரணங்கள் புரிந்துகொள்ளக் கூடியவைதான். பேராசிரியரின் நேரமும் ஆராய்ச்சிப் பணமும் முனைவர் பட்ட மாணவர்களுக்கே போகின்றன. முதுகலை மாணவர் பெரும்பாலும் கட்டணம் கட்டிப் படிப்பவர். ஒன்றரை ஆண்டில் சிப் வடிவமைப்போ பவர் எலக்ட்ரானிக்ஸோ கற்றுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

இதை மட்டமாகப் பேச எனக்கு மனமில்லை. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் பாய்ட் நடத்திவந்த கான்வெக்ஸ் ஆப்டிமைசேஷன் போன்ற ஒரு பாடத்தை ஒழுங்காக முடித்தவர், நம் ஊரில் இரண்டு செமஸ்டர் புராஜெக்ட் செய்தவரைவிடக் கூடுதலாகச் சிந்தித்திருக்கலாம். வாராவாரம் வரும் கணக்குத் தொகுப்பில் பாதிக்கு எந்தப் புத்தகத்திலும் நேரடி விடை கிடைக்காது. ஆனாலும் அந்தக் கணக்குகளுக்கு விடை உண்டு என்பது மாணவருக்கு முன்பே தெரியும். யாரோ ஒருவர் தீர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்திருக்கிறார். விடை இருக்கிறதா என்றே தெரியாத கேள்வியோடு ஆறு மாதம் தனியாக இருப்பது வேறு அனுபவம். ஜெர்மானியர்கள் அந்த ஆறு மாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1882இலேயே மின்பொறியியலுக்கு உலகின் முதல் பேராசிரியர் இருக்கையை ஏற்படுத்தி எராஸ்மஸ் கிட்லரை அமர்த்திய ஊர் டார்ம்ஸ்டட். அந்த நாட்டில் 120 புள்ளியில் வழக்கமாக 30 ஆய்வேட்டுக்கே உரியது.

காகிதத்தில் பார்த்தால் இந்தியா இவர்கள் எல்லாரையும் மிஞ்சிவிட்டது. மாதிரிப் பாடத்திட்டத்தின் 68 கிரெடிட்டில் ஆய்வேட்டின் முதல் கட்டத்துக்கு 10, இரண்டாம் கட்டத்துக்கு 16. மொத்தம் 26, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான்காம் செமஸ்டர் முழுக்க ஆய்வேடுதான், வேறு பாடமே கிடையாது. ஆராய்ச்சி முறையியல் என்று தனிப் பாடமும் கட்டாயம். அமெரிக்காவில் பலர் தவிர்த்துச் செல்வதை நாம் எல்லார் மேலும் சுமத்தியிருக்கிறோம். நல்ல நோக்கத்தில்தான் சுமத்தியிருக்கிறோம்.

அந்த 26 கிரெடிட்டுக்குள் நடப்பது என்ன? நம் கல்லூரிகளில் இதற்கென்று ஒரு சொல்லே உண்டு: ‘பேஸ் பேப்பர்’. மூன்றாம் செமஸ்டர் தொடங்கியதும் கைடு கேட்கும் முதல் கேள்வி, “பேஸ் பேப்பர் எடுத்தாச்சா?” ஐ.இ.இ.இ. இதழில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையைப் பிடித்து, அதிலுள்ள கன்வர்ட்டரையோ கட்டுப்பாட்டு முறையையோ மேட்லாப் சிமுலிங்கில் மறுபடி ஓட்டி, ஒரு பி.ஐ. கட்டுப்பாட்டுக்குப் பதில் ஃபஸியையோ நியூரலையோ வைத்து, அலைவடிவம் கொஞ்சம் மென்மையானதைக் காட்டி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதற்கும் நேரமில்லாதவர்களுக்காகச் சென்னையிலும் கோவையிலும் ‘புராஜெக்ட் சென்டர்’ என்று பலகை மாட்டிய மாடிகள் இருக்கின்றன. தலைப்புப் பட்டியல், கோப்பு, வைவாவுக்கு என்ன பேச வேண்டும் என்ற பயிற்சி எல்லாம் அங்கே விலைக்குக் கிடைக்கும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், கைடாக இருப்பவருக்கே பத்து மாணவர் சுமை, ஓர் அலைக்காட்டிக்கு முப்பது பேர் வரிசை என்று அதற்குப் பின்னால் உள்ள நெருக்கடியையும் நான் அறிவேன். மாணவரை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் வேதனை வேதனைதான்.

புறத்தேர்வாளராக ஒரு வைவாவில் உட்கார்ந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பவர் சிஸ்டம்ஸ் மாணவி ஒருவர் 14 பஸ் அமைப்பில் லோட் ஃப்ளோ செய்து காட்டினார். எங்கெங்கே எவ்வளவு மின்சாரம் எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால், பஸ் எனப்படும் வலையின் ஒவ்வொரு சந்திப்பிலும் மின்னழுத்தம் எவ்வளவு, எந்தக் கோணம், எந்தக் கம்பியில் எவ்வளவு பாய்கிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கு அது. நியூட்டன்–ராஃப்சன் முறையில் நாலைந்து சுற்றில் விடை வந்துவிடும். நன்றாகவே செய்திருந்தார். “ஏம்மா 14 பஸ் எடுத்தீங்க?” என்று கேட்டேன். “பேஸ் பேப்பர்ல அதுதான் சார் இருந்தது.” அந்த 14 பஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

அது அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் ஒரு மின் நிறுவனத்தின் வலையின் ஒரு பகுதி, 1962 பிப்ரவரியில் இருந்த நிலையில். 30 பஸ் அமைப்பு 1961 டிசம்பர், 118 பஸ் 1962 டிசம்பர். ஒரே கணக்கை எல்லாரும் செய்து ஒப்பிட்டுப் பார்க்க இப்படி ஒரு பொது அளவுகோல் தேவைதான். உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டுப் படிப்பின் இறுதியில், தன் தாத்தா காலத்து அமெரிக்க வலை ஒன்றைத் தீர்த்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றாமல் பட்டத்தோடு வெளியே போகிறார் ஒரு பெண். அறைக்கு வெளியே, இன்று நம் மண்ணில் ஓடிக்கொண்டிருக்கும் வலை கேள்விகளால் நிரம்பியிருக்கிறது.

ஆரல்வாய்மொழி கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்ததும் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றாலை மின்சாரம் பொங்குகிறது. மற்ற மாதங்களில் வற்றுகிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது தென்னகம் தப்பியது, ஏனென்றால் நம் வலை அப்போது மற்றவற்றோடு ஒத்தியங்கும்படி இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக அது நாட்டின் ஒரே அலைவெண்ணோடு சேர்ந்தது. அதன்பின் ஒருவருக்கு வந்தது எல்லாருக்கும் என்றானது. இது ஏன் ஓர் எம்.இ. தலைப்பாகக் கூடாது? இன்னும் கீழே இறங்கினால் விவசாய ஃபீடர். 1990 முதல் தமிழ்நாட்டில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். பெரும்பாலான இணைப்புகளில் மீட்டர் கிடையாது. ஒரு ஃபீடரில் பம்புசெட்டுகள் எவ்வளவு எடுக்கின்றன என்பது மதிப்பீடு மட்டுமே. மேலும், கிராமத்துக் கம்பிகளில் தூண்டல் எதிர்ப்போடு ஒப்பிட்டால் மின்தடையின் பங்கு அதிகம். 14 பஸ்ஸில் நாலே சுற்றில் ஒருங்கிய முறை இங்கே தடுமாறும், சில சமயம் ஒருங்கவே ஒருங்காது. வேறு முறை வேண்டும். ஏன் வேண்டும் என்று ஒரு மாணவர் தானே முட்டி மோதிக் கண்டுபிடித்தால், அந்தக் கணத்தில் அவர் பாடநூலைத் தாண்டிவிடுகிறார்.

அப்படி முட்டி மோத இடம் தரும் வழி நம் நாட்டிலும் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகம் 1911இல் பாடம் தொடங்கியபோது வேதியியலோடு மின் தொழில்நுட்பமும் அதன் முதல் துறைகளில் ஒன்று. அங்கே எம்.டெக். ஆராய்ச்சி என்றும், சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.எஸ். என்றும் ஒரு தனி வழி உண்டு. பாடங்கள் குறைவு, ஆய்வேடு பெரிது, எம்.டெக்.கைவிடக் காலமும் நீளும். சேர்க்கையில் கேட் மதிப்பெண்ணோடு நேர்காணலும் உண்டு, கரும்பலகையில் கணக்குப் போடச் சொல்வார்கள். இந்த வழி எல்லாருக்கும் ஏற்றதில்லை. பாடவழி, ஆய்வுவழி என்று வெளிப்படையாகவே இரண்டாகப் பிரித்து, விரும்பாதவரைப் புராஜெக்டிலிருந்து விடுவித்து நல்ல பாடங்களைக் கொடுப்பது, விலைக்கு வாங்கிய 26 கிரெடிட்டைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். ஆய்வுவழியைத் தேர்ந்தவரிடம் ஒன்றே ஒன்றைக் கட்டாயமாகக் கேட்கலாம்: தன் கையால் எடுத்த ஓர் அளவீடு ஆய்வேட்டில் இருக்க வேண்டும். சிமுலேஷன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் மெய்யான ஒரு கம்பியிலிருந்து வந்த ஓர் எண் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இன்னொரு கல்லூரி வைவாவில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். மாணவரின் ஊர் ஒரு ஃபீடரின் கடைக்கோடியில் இருந்தது. மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டென்சர் போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டுவது அந்தப் பக்கத்தில் சாதாரணம். அப்போது மூன்று சுருளிலும் மின்னோட்டம் சமமாக இருக்காது, மோட்டார் சூடேறும், கோடியில் மின்னழுத்தம் சரியும். அவர் இரவல் வாங்கிய ஒரு பவர் அனலைசரைக் கொண்டுபோய்த் தன் அப்பாவின் கிணற்று மோட்டாரிலும் பக்கத்துத் தோட்டங்கள் இரண்டிலும் வைத்து ஒரு மாதம் அளந்திருந்தார். அவருடைய சிமுலேஷன் சொன்ன எண்ணும் கிணற்றடி சொன்ன எண்ணும் பொருந்தவில்லை. அதை மறைக்காமல் ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருந்தார். மாதிரியில் மோட்டாரை நிலையான சுமையாக எடுத்துக்கொண்டது தவறு, மின்னழுத்தம் சரிந்தால் அது எடுக்கும் மின்னோட்டம் மாறுகிறது என்று தானே கண்டு திருத்தியிருந்தார். ஆங்கிலம் தட்டுத் தடுமாறியது. கேள்வி கேட்டால் எழுந்து போய்ப் பலகையில் வரைந்து காட்டினார்.

பின்னிணைப்பில் நாள்வாரியான அட்டவணை இருந்தது. அதில் மூன்று நாட்களின் வரிசைகள் காலியாக விடப்பட்டிருந்தன. கருவி பழுதா என்று கேட்டேன்.

“இல்லைங்க சார். அந்த மூணு நாளும் நல்ல மழை. மோட்டாரே போடலை.”